நிறுத்திட்டு வா!

மஞ்சள் காமாலை என்றாலே விருதுநகர் பக்கம் முதலில் ஞாபகம் வருவது கீழாநெல்லிதான். அரைத்து மோரில் கலந்து குடி, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதே, உப்பைக் குறை... இந்த வைத்தியத்துக்குத் தெருவுக்கு ஒரு பாட்டி கியாரண்டி தருவார். ஆனால் காமாலையே காட்டாமல் கல்லீரலைக் கரையான் மாதிரி அரிக்கிற வைரஸ் ஒன்று இருக்கிறது. ஹெபடைடிஸ் சி. உடம்புக்குள் வந்து இருபது வருஷம்கூடச் சத்தம் போடாமல் இருக்கும். சத்தம் கேட்கும்போது சிலருக்கு வயிறு வீங்கியிருக்கும், சிலருக்குக் கல்லீரல் புற்றுநோயே வந்திருக்கும்.

ரத்தத்தின் வழியே பரவும் கிருமி இது. ஒரே சிரிஞ்சை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டால் ரொம்ப சுலபம். சிரிஞ்ச் மட்டுமல்ல, போதைமருந்தைக் கரைக்கும் தண்ணீர், ஸ்பூன், வடிகட்டும் பஞ்சு எல்லாமே கடத்தும். சென்னையில் ஊசியில் போதை ஏற்றிக்கொள்பவர்களிடம் ஒய்.ஆர்.ஜி. கேர் நடத்திய ஆய்வில் (2010ல் வெளிவந்தது) பாதிப்பேருக்கு மேல் இந்தத் தொற்றின் அடையாளம் ரத்தத்தில் இருந்தது. 1986ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய நிறுவனம் அது. சென்னைப் பிரச்சினைதானே என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிய இளைஞர்கள், அதை விற்றவர்கள் கைது என்ற செய்தி இப்போது எத்தனையோ மாவட்டங்களிலிருந்து வருகிறது.

சரி, மருந்து இல்லையா? இருக்கிறது. அதுதான் கொடுமை.

முன்பு இன்டர்ஃபெரான் என்ற ஊசியை வாராவாரம் போட வேண்டும், கூடவே ரிபாவிரின் மாத்திரை. ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை. காய்ச்சல், உடம்பு வலி, மனச்சோர்வு எல்லாம் இலவச இணைப்பு. 2013 கடைசியில் சோஃபோஸ்புவிர் வந்தது. அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர்! 2014ல் இந்தியக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கிடைத்து, 2015ல் 28 மாத்திரை உள்ள டப்பா சுமார் 20,000 ரூபாய்க்கு இங்கே விற்பனைக்கு வந்தது. பி.காம். படிக்கிறவர்கள் விலை நிர்ணயத்துக்கு உதாரணம் தேடினால் இதைவிட நல்லது கிடைக்காது :) பிறகு 2018 ஜூலை 28ல் மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலானோருக்கு மூன்று மாதம் மாத்திரை விழுங்கினால் போதும், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணம்.

ஆனாலும் ஊசி போடுகிறவர்கள் வருவதில்லை. பழைய இன்டர்ஃபெரான் கதைகள் இன்னும் சுற்றுகின்றன. "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே" என்ற எண்ணம் ஒருபக்கம். ரத்தம் எடுக்கப் போனால் கல்லாகிப்போன நரம்பைத் தேடி நாலு இடத்தில் குத்துவார்கள் என்ற பயம் இன்னொரு பக்கம். நர்ஸ் கையைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பாரே, அது எல்லாவற்றையும்விடப் பெரிது. இதையெல்லாம் தாண்டி ஒருவன் வந்து நின்றால் கிடைக்கும் பதில், "முதல்ல அந்தப் பழக்கத்தை நிறுத்திட்டு வா."

இந்தப் பதிலுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. 2018ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வில், அண்மைவரை ஊசி போட்டுக்கொண்டிருந்த 103 பேருக்கு மாத்திரை கொடுத்ததில் 94 சதவீதம் பேர் குணமானார்கள். சென்னையிலும் 50 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. அவர்கள் புழங்கும் இடத்துக்கே போய், கண்முன் விழுங்க வைத்தார்கள். இன்டர்ஃபெரானும் சேர்ந்த 12 வாரச் சிகிச்சையில் 25 பேரில் 22 பேர் குணமானார்கள். மாத்திரை மட்டும் கொடுத்த 24 வாரச் சிகிச்சையில் 25 பேரில் 15 பேர்தான். "இவனுங்க ஒழுங்கா மருந்து சாப்பிட மாட்டானுங்க" என்பவர்கள் அந்த 22 பேருக்கு என்ன பதில் சொல்வார்கள்? ஆஸ்திரேலியா 2016 மார்ச்சிலேயே எந்த நிபந்தனையும் இல்லாமல் எல்லாப் பெரியவர்களுக்கும் மானியத்தில் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

சிவகாசிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமே இல்லை. 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டியில் வெடித்தபோது முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வெந்துபோனவர்கள் எத்தனையோ பேர். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது "மருந்துக் கலவை வேலையை விட்டுட்டு வா, அப்புறம் கட்டுப் போடலாம்" என்றார்களா? அது வயிற்றுப்பாடு, இது கொழுப்பு என்று உடனே பதில் வரும். சரி, குடித்துவிட்டு பைக்கை விட்டவனுக்குத் தையல் போடுவதில்லையா? அவனிடம் மட்டும் ஏன் சத்தியம் வாங்குவதில்லை?

மறுபடி ஊசி போட்டு மறுபடி தொற்றிக்கொண்டால் அரசு பணம் வீண்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மறுதொற்று வரத்தான் செய்கிறது, இதற்குத் தடுப்பூசியும் இன்னும் இல்லை. ஆனால் கணக்கை முழுசாகப் போட வேண்டும். குணமான ஒருவனிடமிருந்து அடுத்தவனுக்குக் கிருமி போகாது. மருந்து தராமல் காக்க வைத்தால் அத்தனை நாளும் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் கல்லீரல் கெட்டு அவன் படுக்கும் பெட்டும் அதே அரசு ஆஸ்பத்திரியில்தான். இன்னொன்று, குணமான பிறகும் சாதாரண கார்டு டெஸ்ட் பாசிட்டிவ் என்றே காட்டும், வைரஸ் அளவை எண்ணும் டெஸ்ட்டில்தான் உண்மை தெரியும். இது தெரியாமல் "பாரு, திரும்ப வந்திருச்சு" என்று அவன் தலையில் பழி போடுவதும் நடக்கலாம்.

விருதுநகரில் 2022ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. அதனால் பெரிய கட்டடம் கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஹெராயினுக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கும் ப்யூப்ரெனார்ஃபின் மாத்திரையைத் தினமும் வாங்கப் போகிற மாற்று சிகிச்சை மையங்கள் நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே நர்ஸ் கண்முன் ஒரு மாத்திரை போடுகிறவனுக்கு 12 வாரம் கூடவே இந்த மாத்திரையையும் கொடுத்துவிடலாம். உலக சுகாதார நிறுவனமும் 2022ல் இதைத்தான் சொன்னது, சிகிச்சையை அவர்கள் ஏற்கெனவே வந்துபோகும் இடத்திலேயே வையுங்கள் என்று.