கரண்ட் பில்லில் மிக்ஸிக்குத் தனி ரேட்டா?

மிக்ஸி ஓடினால் யூனிட்டுக்கு ஒரு ரேட், பேன் சுற்றினால் வேறு ரேட் என்று மின்சார வாரியம் சொன்னால் சும்மா இருப்பீர்களா? மறுநாளே சாலை மறியல்தான்! யூனிட்டுக்குத்தான் காசு. அதில் மாவு அரைக்கிறோமா, காற்று வாங்குகிறோமா என்பது நம்ம வீட்டு விஷயம்.

இன்டர்நெட்டும் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்குத்தான் 'நெட் நியூட்ராலிட்டி' என்று பெயர். பேர்தான் பெரிசு. லைன் கொடுக்கிற கம்பெனி லைனைக் கொடுக்கட்டும். எந்த ஆப் வேகமாக வரும், எது இலவசம், எதற்குக் காசு என்று அது முடிவு பண்ணக் கூடாது. அவ்வளவுதான்.

இதற்கு நம் நாட்டில் பெரிய சண்டையே நடந்தது. 2014 டிசம்பரில், நெட் வழியாகப் பேசினால் தனிக் கட்டணம் என்றது ஏர்டெல். எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ்! 2015 பிப்ரவரியில் பேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 'இலவச இன்டர்நெட்' என்று வந்தது. முதலில் ஆரம்பித்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எல்லாமா இலவசம்? இல்லை. அந்தத் திட்டத்துக்குள் சேர்த்த வெப்சைட்டுகள் மட்டும்! லட்சக்கணக்கான ஜனங்கள் டிராய்க்கு ஈமெயில் போட்டார்கள். 2016 பிப்ரவரி 8-ந் தேதி டிராய் உத்தரவு போட்டது. ஆளுக்கொரு ரேட், ஆப்புக்கொரு ரேட் கூடாது!

'ஏழைக்குக் கிடைத்ததைத் தட்டிப் பறித்தார்களே' என்று அப்போது சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நடந்தது என்ன? அதே வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்தது. போட்டியில் டேட்டா விலை மளமளவென்று சரிந்தது. பூக்கடை அம்மா கையில் முழு இன்டர்நெட்டே வந்துவிட்டது.

இப்போது வேறு பாட்டு. வீடியோ ஆப்புகள்தான் லைனை அடைக்கின்றன, டவர் செலவில் அவர்களும் பங்கு தரட்டும் என்கின்றன டெலிபோன் கம்பெனிகள். டவருக்குச் செலவு உண்டு, மறுக்கவில்லை. அதற்குத்தானே நாம் ரீசார்ஜ் பண்ணுகிறோம்? 2024 ஜூலையில் மூன்று பெரிய கம்பெனிகளும் அடுத்தடுத்து ரேட்டை ஏற்றினவே, அது எதற்காம்? ஒரே பயணத்துக்கு ஏறுகிறவனிடமும் டிக்கெட், வீட்டில் வரவேற்கிறவனிடமும் டிக்கெட்டா?

தென்கொரியாவில் இப்படி நெட்வொர்க் கட்டணம் உண்டு. கட்டுப்படியாகவில்லை என்று 'ட்விட்ச்' வீடியோ கம்பெனி 2024 பிப்ரவரியில் அங்கே கடையை மூடியது. அமேசானுக்குச் சொந்தமான கம்பெனிக்கே அந்தக் கதி. அம்பத்தூரில் ஒற்றை ரூமில் உட்கார்ந்து ஆப் தயாரிக்கிற பையன்கள் எங்கே போவார்கள்?

சட்டம் இருக்கிறதே என்று தூங்கவும் முடியாது. அமெரிக்காவில் 2015-ல் விதி போட்டார்கள், 2017-ல் எடுத்தார்கள், 2024-ல் மறுபடி போட்டார்கள், 2025 ஜனவரியில் கோர்ட்டு அடித்துவிட்டது. கிட்டிப்புள் ஆட்டம்!

நம் 2016 விதியை மீறினால் அபராதம் நாளுக்கு 50 ஆயிரம் ரூபாய். எத்தனை நாள் மீறினாலும் 50 லட்சத்துக்கு மேல் போகாது. கோடிகளில் புரளும் கம்பெனிகளுக்கு அது டீச் செலவு. 'பங்கு' கேட்டு வருகிறவர்களுக்கு டிராய் கதவைத் திறக்கக் கூடாது. முதல் வேலையாக அந்த அபராதத்தைக் கூட்ட வேண்டும். செய்வார்களா?