இன்ஜின் மாற்றினால் ஏசி வயரிங் யார் பார்ப்பது?

பழைய அம்பாசடரின் கார்புரேட்டர் இன்ஜினை இறக்கிவிட்டு 1.8 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ இன்ஜினை ஏற்றியாச்சு. வண்டி பறக்கிறது, ஏசி மட்டும் வரவில்லை. மெக்கானிக் என்ன செய்கிறார்? "கேஸ் இல்ல சார்" என்று ஏற்றுகிறார். முதல் தடவை நியாயம்தான், குழாயைக் கழற்றினால் கேஸ் போகத்தான் செய்யும். மறுவாரமும் ஏற்றுகிறாரே! அதற்கும் மசியவில்லை என்றால் புளோயர் சுவிட்சிலிருந்து கம்ப்ரசருக்கு நேராக ஒரு வயர். கிளட்ச் 'டக்' என்று ஒட்டும், ஓனருக்கும் குளுகுளு. இதற்குப் பெயர் ரிப்பேரா?

ஏசி சுவிட்ச், தெர்மோஸ்டாட், பிரஷர் சுவிட்ச், ரிலே எல்லாம் தாண்டித்தான் கிளட்சுக்கு 12 வோல்ட் வரவேண்டும். எம்.பி.எஃப்.ஐ என்றால் நடுவில் ஈ.சி.யு வேறு. 'ஏசி போட்டிருக்கிறார்கள்' என்ற சிக்னல் அதற்குப் போகாவிட்டால் ரிலேயை இழுக்காது. பழைய வயரிங்கில் அந்த வயரே கிடையாது! மல்டிமீட்டரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தெரிகிற விஷயம் இது.

நேர் வயர் போட்டால் பிரஷர் சுவிட்ச் இருந்தும் இல்லாத மாதிரி. கேஸ் லீக் ஆனாலும் கம்ப்ரசர் சுற்றும். ஆயில் சுற்றி வருவதே கேஸோடுதான், அதனால் காய்ந்துபோய் ஜாம் ஆகும். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் திணறுவது போனஸ் :-) அப்புறம் புது கம்ப்ரசருக்கு பில் போடுவதும் அதே மெக்கானிக்தான். பில்லை நீட்டும்போது அந்த வயரையும் காட்டச் சொல்லுங்கள்.