குளிரில் மறுக்கும் பற்றரி

சென்ற தை மாதத்தில், முன்னர் நம்மிடம் பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவர் கனடாவின் கல்கரி நகரிலிருந்து நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்நாட்டார் ‘ஆர்.வி.’ எனச் சுருக்கி வழங்கும் வீட்டுவண்டி ஒன்றை அவர் வாங்கியுள்ளார். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, நீர்த்தொட்டி யாவும் அடங்கிய அவ்வண்டியில் மனைவி மக்களோடு மலைப்பக்கம் சென்று இரவு தங்குவது அவர் வழக்கம். வண்டிக்குள் விளக்கெரிப்பதும் வெப்பமூட்டியின் விசிறியைச் சுழற்றுவதும் ஓர் இலிதியப் பற்றரியே.

“பற்றரி பழுதாகிவிட்டது, சேர். விளக்கு எரிகிறது, ஆனால் மின் ஏற மறுக்கிறது. உள்ளேயிருக்கும் காவற்சுற்றுத்தான் தடுக்கின்றது போலும். மூடியைத் திறந்து அதனை விலக்கிவிட்டுக் கம்பியை நேரே இணைத்துவிடலாமா?” என்று கேட்டிருந்தார்.

அன்றிரவே மறுமொழி எழுதினோம்: “தம்பி, மூடியிற் கைவையாதீர். முதலில் வெப்பமானியைப் பாரும்.”

நம்மூரவர்க்கு இவ்விடையூறு புதிது. 1990ஆம் ஆண்டின் பின்னர் மின்சாரமின்றியிருந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட நமக்குப் பற்றரியின் குறும்புகள் பல தெரியும். ஆயினும் குளிரினால் மின்னேற மறுத்த பற்றரியை நாம் கண்டதில்லை. கல்கரியிலோ மாரிக்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை, 20 பாகை என இறங்குவது சாதாரணம்.

வீட்டுவண்டிகளிற் பெரும்பாலும் பயன்படுவது இலிதிய இரும்புப் பொசுபேற்று வகை. அதன் நேர்முனைப் பொருளை 1997இல் ஜோன் குடினஃப் என்னும் அமெரிக்க அறிஞரின் குழுவினர் அறிவித்தனர். அவரே பின்னர் 2019இல், தமது 97ஆம் வயதில், இலிதியப் பற்றரி ஆய்வுக்காக நோபெல் பரிசிற் பங்கு பெற்றார். மறுமுனை காரீயத்தாலானது. நம் நாட்டுப் போகலைச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கப்படும் அதே பொருள்தான். புத்தகத்தின் ஏடுகள்போல அடுக்கடுக்காக அமைந்த அக்காரீயத்தின் இடைவெளிகளுள், மின்னேற்றும்போது இலிதிய அயன்கள் புகுந்து அமர்கின்றன. குளிர் மிகுந்தால் அவை உட்புகும் வேகம் குன்றும். நாமோ வெளியிலிருந்து மின்னைத் தள்ளிக்கொண்டேயிருப்போம். உள்ளே இடம்பெறாத அயன்கள் காரீயத்தின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அவ்வாறு படிந்ததிற் பெரும்பகுதி மீண்டும் பயன்படாது. பற்றரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அப்படிவு ஊசிபோல வளர்ந்து இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய படலத்தைத் துளைக்குமாயின், உள்ளேயே குறுஞ்சுற்று ஏற்படும். ஏனைய இலிதிய வகைகளிலும் பார்க்க இவ்வகை எளிதில் தீப்பற்றாது என்பது உண்மையே. ஆயினும் பிள்ளைகள் உறங்கும் படுக்கையின் கீழ் அதனைச் சோதித்துப் பார்க்க எந்தத் தகப்பன் விரும்புவான்?

இதனாலேயே காவற்சுற்றானது உறைநிலையை அண்டியதும் மின்னேற்றத்தைத் துண்டித்துவிடுகின்றது. மின் வெளிச்செல்வதை மாத்திரம் அது தடுப்பதில்லை. பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரையிலும் பெரும்பாலான பற்றரிகள் மின் வழங்கும். ‘விளக்கு எரிகிறது, மின் ஏறவில்லை’ என்று அன்பர் எழுதியது பழுதின் அடையாளமன்று. காவலாளி விழித்திருப்பதன் அடையாளமே.

“அப்படியாயின், என் பற்றரியினுள் வெப்பத்தகடு இருக்கின்றதே, அது ஏன் சூடாக்கவில்லை?” என்று அடுத்த கடிதம் வந்தது. நல்ல கேள்வி. அவருடைய பற்றரியில், வெளியிலிருந்து வரும் மின் முதலில் 60 உவாற்று வெப்பத்தகட்டுக்கே செல்லும். கலங்கள் 5 பாகையை அடைந்த பின்னரே மின்னேற்றம் தொடங்கும். வண்டியோ முற்றத்திற் பனிக்குள் நின்றது. வந்துகொண்டிருந்த மின்னெல்லாம் கூரைமேலிருந்த சூரியத்தகடு ஒன்றிலிருந்துதான். அதுவும் ஓர் அம்பியர் அளவே என்று அளந்து எழுதியிருந்தார்.

மாணவர்கள் இங்கே பென்சிலை எடுக்கலாம். பற்றரியின் நிறை 12 கிலோகிராம். அதன் ஒரு கிலோகிராமை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 1,000 யூல் வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே 10இலிருந்து மேலே 5 வரை 15 பாகை. ஆகவே வேண்டிய வெப்பம் 1,80,000 யூல். 60 உவாற்று கிடைத்தால் 3,000 செக்கன், அதாவது 50 நிமிடம் போதும். 13 உவோற்றில் ஓர் அம்பியர் எனில் 13 உவாற்றே. ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் செல்லும். அதுவும் ஒரு துளி வெப்பமும் வெளியே கசியாதிருந்தால்! வெளிக்குளிரோ கொடுப்பதை உடனுக்குடன் பறித்துக்கொள்ளும். டிசெம்பரிற் கல்கரியின் பகல் எட்டு மணித்தியாலம் மட்டுமே. தை மாதத்திலும் அதிகம் நீளாது. சூரியன் சாயும்வரை வெப்பத்தகடு முயன்று தோற்றுக்கொண்டிருந்தது. பழுது பற்றரியில் இல்லை, ஊட்டத்தில் இருந்தது.

வீட்டு மின்னோடு மின்னேற்றியை இணைத்து இரண்டு மணித்தியாலம் பொறுக்கும்படி எழுதினோம். ஒன்றரை மணித்தியாலத்தில் மின் ஏறத் தொடங்கியதாம். (பற்றரியின் சொந்த மின்னையே உண்டு சூடேற்றும் வகையும் உண்டு. அதனை மாரி முழுவதும் கவனியாது விட்டால் பற்றரி வெறுமையாகிவிடும்.)

ஆனாற் குறை தீர்ந்தபாடில்லை. பற்றரி ஒருபோதும் முற்றாக நிறையவில்லை. விசாரித்தபோது, வண்டியோடு வந்த மின்னேற்றி பழைய ஈய அமிலப் பற்றரிக்கென அமைந்தது என்று தெரிந்தது. அது 13.6 உவோற்றில் நின்றுவிடும். இலிதியப் பற்றரிக்கு 14.2 முதல் 14.6 வரை வேண்டும். அந்த உயரத்தை எட்டினால்தான் உள்ளேயுள்ள நான்கு கலங்களும் தம்முட் சமப்படும். வண்டியின் சுவரிலிருந்த அளவுகாட்டியும் ஈயப் பற்றரிக்குரியதே. இலிதியப் பற்றரி பாதி வெறுமையான பின்னும் 13 உவோற்றுக்கு மேலேயே நிற்குமாதலால், அது ‘நிறைவு’ என்று பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டேயிருந்தது. மின்னேற்றியை மாற்றச் சொன்னோம். வண்டி எஞ்சினின் மின்பிறப்பாக்கியிலிருந்து நேரே ஏற்றுவதையும் தவிர்க்கச் சொன்னோம். இலிதியம் அடக்கமின்றி மின்னை இழுப்பதால் மின்பிறப்பாக்கி கொதிக்கும். காவற்சுற்று திடீரெனத் துண்டித்தால் அதனுள் இருக்கும் இருவாயிகள் எரியவுங்கூடும். இடையே ஓட்டத்தை மட்டுப்படுத்தும் கருவியொன்று வேண்டும்.

சித்திரையில் மூன்றாவது கடிதம் வந்தது. பனி உருகிவிட்டது, இப்பொழுது பற்றரியின் ஒரு முனை மட்டும் கைவைக்க இயலாதபடி சுடுகின்றதாம். இம்முறை நாம் நெடிது எழுதவில்லை. ஒரு முனை மட்டும் சுட்டால், அங்கே கம்பி தளர்ந்திருக்கின்றது என்றே ஐயுறவேண்டும். இறுகிய இணைப்பின் தடை மிகச் சிறிது. தளர்ந்தால் அது ஓர் ஓமின் ஆயிரத்தில் ஐந்து பங்காவது ஏறிவிடும். 100 அம்பியர் பாயும்போது 50 உவாற்று வெப்பம் அந்தத் திருகிலேயே பிறக்கும். ஈயப்பற்று வைக்கும் இரும்பின் சூடு அது. எல்லா மின்னையும் நிறுத்தி, முனையைத் துடைத்து, உற்பத்தியாளர் குறித்த அளவுக்குத் திருகை இறுக்கும்படி எழுதினோம். இறுக்கிவிட்டதாகவும், இப்பொழுது முனை சுடவில்லையென்றும் மறுநாளே பதில் வந்தது.