உறைந்த உணவும் உறங்கும் கேடும்

வாயில்லாச் சீவன்களுக்கு உணவிடுதல் நம்மவர் நெடுங்காலமாகப் போற்றிவரும் நல்லறம். கோயிற் குளத்து மீன்களுக்கு ஒரு பிடி பொரியேனும் தூவாத கை நம்மிடையே அரிது. கண்டி நகரின் நடுவே, ஸ்ரீ விக்கிரமராஜசிங்க மன்னன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த வாவியின் கரையில் மாலை வேளையில் நடப்போர், சிறுவர்கள் பாண் துண்டுகளை வீசுவதையும் மீன்கள் முண்டியடித்து வருவதையும் காண்பர். வாவி பெரிது, நாம் மிகுதியாக இடுவதைச் சிறிது பொறுத்துக்கொள்ளும். அதே அன்பை வீட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டியிற் காட்டும்போது நிலைமை வேறாகிறது. 60 சதமமீற்றர் நீளமும், 30 சதமமீற்றர் அகலமும் உயரமும் உடைய தொட்டி 54 இலீற்றர் நீரே கொள்ளும். அதனுள் வாழும் மீனுக்கு அந்நீரே மூச்சு, அதுவே வீடு, கழிவு சேரும் இடமும் அதுவே.

நம் மாணவர் பலர் இந்நாளில் மீன் வளர்ப்பில் ஆர்வங்கொண்டுள்ளனர். அவர்கள் உறைந்த உணவுகளைப் பற்றி அடிக்கடி வினவுவதால், இவ்வாரம் அதனையே எடுத்துக்கொண்டோம்.

கடைகளிற் சிறு சிறு கட்டிகளாக உறையவைத்து விற்கப்படும் உணவுகளுள் இரத்தப்புழுவும், ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர்ச் சிற்றிறாலும் முதன்மையானவை. இரத்தப்புழு உண்மையிற் புழுவன்று. நுளம்பைப் போன்ற தோற்றமுடைய, ஆனால் மனிதரைக் கடிக்காத ஒருவகைப் பூச்சியின் குடம்பி. சேற்றில் வாழும் அதற்கு நம் குருதியிலுள்ளது போன்ற செந்நிறப் பொருள் உண்டு. பெயரும் அதனால் வந்ததே.

இவற்றை உயிருடன் வாய்க்காலில் அள்ளி இடுவதினும் உறைந்தவற்றை வாங்கி இடுதல் சிறந்ததென்பதில் ஐயமில்லை. வாய்க்காற் சேற்றோடு ஒட்டுண்ணிகளும் தொட்டிக்குள் வந்துவிடும். வீட்டு முற்றத்தில் நீரைத் தேக்கி நுளம்புக் குடம்பிகளை வளர்ப்பதோ, டெங்குக் காய்ச்சல் ஓயாத இந்நாட்டில் 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்துக்கு மாறானது. கடுங்குளிர் ஒட்டுண்ணிகள் பலவற்றை அழிக்கவல்லது. பச்சையாக உண்ணும் மீனை −20 பாகை செல்சியசில் 7 நாள் வைத்தெடுக்க வேண்டுமென அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் கூறுவதும் இதுபற்றியே.

ஆயினும், ஈண்டு ஒரு மயக்கத்தைத் தெளிதல் வேண்டும். ஒட்டுண்ணியைக் கொல்லும் குளிர் பற்றீரியாக்கள் அனைத்தையும் கொல்வதில்லை. பெரும்பாலானவற்றை உறங்கவைக்கிறது, அவ்வளவே. குளிர் நீங்கிய கணமே அவை விழித்துப் பெருகத் தொடங்கும். மீண்டும் உறையவைத்தால் அவை மீண்டும் உறங்குமேயன்றி, இடையில் விளைந்த கேடு மறைந்துவிடாது.

இன்னொரு காரணமும் உண்டு. 1920களில் விரைந்து உறையவைக்கும் முறையை வணிகத்துக்குக் கொணர்ந்தவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்பார். லாப்ரடோர் நாட்டுக் கடுங்குளிரிற் பிடித்த மீன் உடனே உறைந்து, பல நாள் சென்றபின்னும் சுவை குன்றாதிருந்ததை அவர் கண்டார். விரைந்து உறைந்தால் உணவினுள் தோன்றும் பனிப்படிகங்கள் நுண்ணியவாயிருக்கும். மெல்ல உறைந்தால் அவை பெரிதாகி உயிர்க்கலங்களைக் கிழித்துவிடும். தொழிற்சாலையில் விரைந்து உறைந்த இரத்தப்புழு நம் வீட்டில் ஒருமுறை இளகி, வீட்டுப் பெட்டியில் மெல்ல மீண்டும் உறையுமாயின், அதன் கலங்கள் கிழிந்து சத்தெல்லாம் சாறாக வடியும். அச்சாறு மீனின் வயிற்றுக்குச் செல்வதில்லை. நீரிற் கலந்து அழுகி அமோனியாவாகிறது.

2022ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க இயலாது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அக்காலத்திற் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து மாணவர் ஒருவரின் தொட்டியில் இருந்த பதினான்கு மீன்களுள் பதினொன்று இரண்டே நாளில் மடிந்தன. பெட்டியில் இருந்த உணவு இளகி மீண்டும் உறைந்ததை அவர் அறிந்தே இருந்தார். "கல்லுப்போல இறுகித்தான் இருந்தது, சேர். அப்பா காசு கொடுத்து வாங்கித் தந்தது, எறிய மனம் வரவில்லை" என்றார். அவரைக் குறைகூற யார்க்கு மனம் வரும்? அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. ஆனால் அன்று தொட்டியில் இரு கேடுகள் ஒருங்கே வந்து சேர்ந்தன. காற்றுப் பம்பியும் வடிகட்டியும் நின்றதால் ஒட்சிசன் குறைந்தது. அமோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நல்ல பற்றீரியாக்களும் வடிகட்டியினுள் நலிந்தன. அந்நேரத்திற் பழுதான உணவும் நீரிற் கரைந்தது. ஒன்றைத் தாங்கியிருக்கக்கூடிய மீன்கள் இரண்டையும் தாங்கவில்லை.

2025 பெப்ரவரி 9ஆம் நாளும் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. எனவே இது கடந்துபோன கதையன்று. மின்சாரம் நின்றால் செய்யவேண்டியவை இரண்டு: பெட்டியைத் திறவாதிருத்தல், மீனுக்கு உணவிடாதிருத்தல். நலமுள்ள வளர்ந்த மீன் சில நாள் பட்டினியைத் துன்பமின்றித் தாங்கும். கெட்ட நீரை ஒரு நாளும் தாங்காது. நாம் வெளியூர் சென்றிருக்கையில் மின்சாரம் போனதா என்றறிய எளிய வழியொன்றுண்டு. சிறு கிண்ணத்து நீரை உறையவைத்து, அதன்மீது ஒரு நாணயத்தை வைத்துச் செல்க. திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் பனிக்கட்டியினுள் அமிழ்ந்திருக்குமாயின் உள்ளிருந்தவை இளகி மீண்டும் உறைந்தன என்பது தெளிவு. கட்டிகள் வடிவிழந்து ஒன்றோடொன்று ஒட்டியிருத்தலும், நிறம் கருத்தலும், நாற்றமும் பிற அடையாளங்கள். ஐயமெனில் எறிந்துவிடுக. இந்த இழப்பைக் குறைக்கச் சிறிய பொதிகளையே வாங்கி, வாங்கிய தேதியை மேலே எழுதி, −18 பாகையிலோ அதனினும் குளிராகவோ வைத்தல் நன்று.

இனி, இடும் முறை. வேண்டிய கட்டியை மட்டும் எடுத்து, தொட்டி நீர் சிறிதுள்ள கிண்ணத்தில் இடுக. சில நிமிடங்களில் அது இளகிவிடும். வெந்நீர் வேண்டா, மேசைமேல் மணிக்கணக்காக விட்டுவைத்தலும் வேண்டா. இளகியதை மீனுக்கென்றே ஒதுக்கிய சிறு வடியில் ஊற்றி, சாற்றை அகற்றி, நல்ல நீரில் ஒருமுறை அலசிச் சிறிது சிறிதாக இடுக. கட்டியை அப்படியே தொட்டியுள் எறிந்தால் சாறு முழுதும் நீரிற் கலக்கும்; துண்டுகள் கல்லிடுக்கில் ஒளிந்து அழுகும். எஞ்சிய இளகிய உணவை மீண்டும் உறையவைத்தல் ஒருபோதும் ஆகாது.

எவ்வளவு இடலாம்? இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீரும் அளவே போதும். பொன்மீனும் கெண்டையினத்துச் சிறு மீன்களும் இரைப்பையே இல்லாதவை. ஒரே வேளையிற் பேரளவு உண்டு சேமித்துவைக்க அவற்றுக்கு இடமில்லை. நம் நாட்டு ஓடைகளுக்கே உரிய இரு மீன்கள் உலகெங்கும் தொட்டிகளை அணிசெய்கின்றன. ஒன்று, 1929இல் தெரணியகல அவர்கள் விஞ்ஞான உலகுக்கு விவரித்த லே தித்தயா. மற்றொன்று, வெற்றிலை மென்ற வாய்போற் சிவக்கும் புலத் ஹபயா. பின்னது ஓடையிற் பெரிதும் பாசியையும் மட்கிய பொருள்களையும் உண்டு வாழ்வது. அதற்கு நாள்தோறும் இரத்தப்புழு இடுதல் உபசாரமன்று, உபத்திரவம். உறைந்த பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலுரித்து, நசுக்கி இட்டால் செலவும் குறைவு, நலமும் மிகுதி.

சமையலுக்கு வாங்கிய மீனையும் சிப்பியையும் பச்சையாக உறையவைத்து இடுவோர் ஒன்றை நினைவிற் கொள்க. அவற்றுட் சிலவகைகளில் விற்றமின் பி1ஐச் சிதைக்கும் நொதியம் உண்டு. குளிர் அதனை அழிக்காது, வெப்பமே அழிக்கும். ஆதலின் அத்தகைய உணவையே நாள்தோறும் இடலாகாது.

வீட்டாரின் நலமும் இதில் அடங்கியிருக்கிறது. மீனுணவை இறுக மூடிய தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். பிள்ளைகளின் ஐஸ்கிறீமுக்கு அருகிலன்று. குடிநீர்ப் பனிக்கட்டித் தட்டையும் சமையற் கத்தியையும் அதற்குப் பயன்படுத்தல் கூடாது. இரத்தப்புழுவின் செந்நிறப் பொருள் சிலருக்கு ஒவ்வாமை விளைக்கும். கண் அரிப்பும் தும்மலும் மூச்சிரைப்பும் தோன்றலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் அதனைத் தொடாதிருத்தலே நன்று. கையிற் காயமிருப்பின் தொட்டி நீரில் இடாதீர்கள். அந்நீரில் வாழக்கூடிய ஒருவகை மைக்கோபற்றீரியம் ஆறாத புண்ணை உண்டாக்கும். உணவிட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் எல்லார்க்கும் விதி.

மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து நின்றாலோ, செவுள் சிவந்து தோன்றினாலோ உணவை நிறுத்தி, எஞ்சிக் கிடப்பதை உறிஞ்சியெடுத்து, குளோரீன் நீக்கிய நீரால் மூன்றிலொரு பங்கை மாற்றுக. அதன்பின்னும் மடிவு தொடர்ந்தால் நம் அயலிலேயே உதவி உண்டு: பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தில் நீர்வாழ் விலங்குகளின் நோயறிதலுக்கென ஒரு நிலையம் இயங்குகிறது.

தெருவில் திரியும் உயிர் பசித்தால் வேறிடம் தேடும். இட்டது கெட்டிருந்தால் விலகிப்போகும். கண்ணாடிக்குள் நாம் அடைத்துவைத்த மீனுக்கு அவ்விரண்டும் இல்லை. அது விலகிச் செல்லவும் அந்த 54 இலீற்றர் நீரே உண்டு. ஆதலின், அதற்கு இடுமுன் முகர்ந்து பார்த்து, ஐயமிருப்பின் எறிந்துவிடும் பொறுப்பு முழுவதும் நம்முடையதே.