காற்றின் கணக்கு



நம் லிங்கராஜபுரத்தில் வண்டி இல்லாத வீடு இன்று அரிது. ஹென்னூர்ச் சாலையிலோ கம்மனஹள்ளியிலோ பெட்ரோல் நிரப்பிக்கொள்ளும் நாம், அந்த எண்ணெய் இந்நகருக்கு எவ்வழியே வந்து சேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மங்களூர்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து ஹாசன் வழியாக, ஓசகோட்டையை அடுத்த தேவனகொந்தி வரையில், ஏறத்தாழ 360 கிலோமீட்டர் தூரத்துக்கு மண்ணுக்கடியில் குழாய் பதிக்கப்பட்டிருக்கிறது. 2003-ஆம் ஆண்டிலிருந்து பெட்ரோலும் டீசலும் அதில் ஓடி வருகின்றன. சென்னையிலிருந்து வரும் எண்ணெய்க் குழாய் வேறு உண்டு. நம்மிற் சிலர் வீட்டு அடுப்பில் எரியும் இயற்கை வாயுவும் குழாய் வழியாகவே இந்நகரை அடைகிறது.

லாரிகளில் ஏற்றி வருவதைக் காட்டிலும் இம்முறை சிக்கனமானது, பத்திரமானது என்பதில் ஐயமில்லை. எனினும் இரும்பு துருப்பிடிக்கும். மண் தோண்டுவோர் கையும் தவறும். குழாய் உடைந்தால் என்ன நேர்கிறது, அந்த நஷ்டம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதே இம்மாதம் நாம் ஆராயப் புகும் பொருள்.

விபத்து நிகழ்ந்தவுடன் உயிரிழந்தோர் எத்தனை பேர், வீணான எண்ணெய் எத்தனை பீப்பாய், அழிந்த பயிர் எத்தனை ஏக்கர் என்று கணக்கு எழுதப்படுகிறது. இவை எழுதப்பட வேண்டியவையே. ஆயின், அதே வேளையில் காற்றிற் கலந்த கரியமில வாயுவும் மீத்தேனும் எவ்வளவு என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் போர்வை போலப் பிடித்து வைக்கும் வாயுக்கள் இவை; பசுங்குடில் வாயுக்கள் என்று பெயர் பெற்றவை. இவை மூன்று வழிகளில் வெளிப்படுகின்றன. ஒன்று, தீப்பற்றி எரிதல். இரண்டு, எரியாமலே வாயுவாகத் தப்புதல். மூன்று, எண்ணெய் மண்ணில் ஊறிக் காலப்போக்கில் சிதைதல்.

முதல் வழிக்குச் சான்று நம் அண்டை மாநிலத்திலேயே உண்டு. 2014-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் அதிகாலையில், ஆந்திரத்தின் கோதாவரிக் கரைப் பகுதியிலுள்ள நகரம் என்னும் சிற்றூரில், கெயில் நிறுவனத்தின் வாயுக் குழாய் வெடித்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் தென்னந்தோப்புகளும் கருகின. ஈரம் முற்றிலும் நீக்கப்படாத வாயு ஓடியதால், குழாயின் உட்புறம் அரிக்கப்பட்டிருந்தமை பின்னர் வெளிப்பட்டது. ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் சுமார் இரண்டே முக்கால் கிலோ கரியமில வாயு உண்டாகும். ஒரு பீப்பாய், அதாவது 159 லிட்டர் கச்சா எண்ணெய் எரிந்தாலோ, ஏறத்தாழ 430 கிலோ உண்டாகும்.

இரண்டாம் வழி கண்ணுக்குத் தெரியாதது; ஆதலால் அதிக வஞ்சகமானது. எரியாத மீத்தேன் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில், சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெப்பத்தைப் பிடிக்கிறது. இருபதாண்டுக் கணக்கிலோ எண்பது மடங்குக்கும் மேல். எரிந்தால் ஊருக்குக் கேடு, எரியாவிட்டால் உலகுக்குக் கேடு என்று சொல்லிவிடலாம். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், பால்டிக் கடலடியிற் கிடந்த நார்டு ஸ்ட்ரீம் குழாய்கள் தகர்க்கப்பட்டன. அது தற்செயலான விபத்தன்று. வேண்டுமென்றே செய்த சேதம். அப்போது வெளிப்பட்ட மீத்தேன் ஏறக்குறைய 4,65,000 டன் என்று 2025-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஒரே நிகழ்ச்சியில் மனிதரால் வெளியான மீத்தேனில் அறியப்பட்ட மிகப் பெரிய அளவு இதுவே.

மூன்றாம் வழியைப் பற்றிக் கேள்விப்பட்டோர் சிலரே. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள பெமிட்ஜி என்னும் ஊருக்கு அருகில், 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எண்ணெய்க் குழாய் ஒன்று உடைந்தது. கொட்டியது சுமார் 10,700 பீப்பாய். துப்புரவு செய்த பின்னும் 2,500 பீப்பாய் அளவு மண்ணில் தங்கிவிட்டது. விஞ்ஞானிகள் அவ்விடத்தை விடாமல் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தனர். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தின்று, மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றி மேலே அனுப்பி வருவதைக் கண்டனர். தங்கிய எண்ணெய் முழுவதும் கரியமில வாயுவாகவே மாறுவதாகக் கொண்டாலும், சுமார் ஆயிரம் டன் ஆகிறது.

தஞ்சைத் தரணியிலிருந்து இங்கு வந்த அன்பர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நீர் நின்ற வயற்சேற்றில் காலை வைத்தால் குமிழிகள் எழுவதை அவர்கள் சிறு வயதிலேயே கண்டிருப்பார்கள். அக்குமிழிகளில் இருப்பது பெரும்பாலும் மீத்தேனே. பிராணவாயு புகாத சேற்றில் எப்பொருள் மக்கினாலும் அவ்வாயு பிறக்கும். 2017-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய், இயற்கை வாயுக் கழகத்தின் குழாயிலிருந்து கச்சா எண்ணெய் கசிந்தது. ஊரார் திரண்டனர், தடியடியும் கைதுகளும் தொடர்ந்தன. விளைநிலத்தையும் நிலத்தடி நீரையும் பற்றியே மக்கள் அஞ்சினர். அது நியாயமான அச்சம். காற்றுக்குச் சென்றது எவ்வளவு என்பது அப்போது பேசுபொருளாகவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். உலகெங்கும் அன்றாடம் அடுப்பிலும் என்ஜினிலும் எரியும் எண்ணெயோடு ஒப்பிட்டால், விபத்தில் வெளிப்படும் வாயு கடலிற் கரைத்த பெருங்காயம் ஆகாதா? உண்மைதான். நார்டு ஸ்ட்ரீம் நிகழ்ச்சியே அவ்வாண்டில் மனிதரால் வெளியான மீத்தேனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அங்ஙனமிருக்க, இக்கணக்கு எதற்கு?

நம் விடை இது: கணக்கில் ஏறாத நஷ்டத்தைத் தடுக்க எவரும் முயல்வதில்லை. ஒழுகும் பானையை அறியாத வீட்டில் தண்ணீர் எவ்வளவு இறைத்தும் பயனில்லை. கசிந்த வாயுவை அளக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், வெடிப்புக்கு முன்னரே சிறு கசிவு கண்ணிற் படும். அரித்த குழாய் காலத்தில் மாற்றப்படும். காற்றைக் காக்கும் அதே கவனம் குழாயருகே வாழும் மனிதரையும் காக்கும்.

சட்டத்தின் நிலையையும் நாம் அறிதல் நலம். 1962-ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டப்படி, நிலம் உழவனுக்கே சொந்தம். அதில் குழாய் பதித்துப் பயன்படுத்தும் உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. குழாய் செல்லும் பட்டையில் அவன் வீடு கட்டலாகாது, கிணறு வெட்டலாகாது, மரம் நடலாகாது. அவ்வுரிமைக்கு ஈடாக நில மதிப்பில் பத்தில் ஒரு பங்கும், சேதத்துக்கு நஷ்ட ஈடும் உண்டு. காற்றுக்கு உரியவர் எவரும் அதில் இல்லை.

இவ்விஷயம் நமக்குத் தூரத்து விஷயமன்று. கொச்சியிலிருந்து பெங்களூரை நோக்கி வகுக்கப்பட்ட வாயுக் குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு தமிழக மாவட்டங்களின் வயல்களைக் கடக்கத் திட்டமிடப்பட்டது. உழவர் எதிர்த்தனர், நெடுஞ்சாலையோரமாகக் கொண்டு செல்லுமாறு மாநில அரசு கூறியது, 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அண்ணன் தம்பிமாரை விட்டு வந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அனுபவிப்பது நாம், ஆபத்தின் அருகில் இருப்பது நம் உறவினர். இந்நகரமும் தப்பியதில்லை. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் எச்.எஸ்.ஆர். லேஅவுட் பகுதியில், பள்ளம் தோண்டியபோது எரிவாயுக் குழாய் சேதமுற்று, வாயு வீட்டுக்குள் பரவி வெடித்துச் சிலர் காயமுற்றனர்.

ஆகவே நம் குடும்பங்கள் செய்யத் தக்கவை சில உண்டு. குழாய் செல்லும் வழியில் நடப்பட்டிருக்கும் அடையாளக் கம்பங்களில் உள்ள அவசரத் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்க. ஊரிலுள்ளோருக்கும் அவ்வாறே எழுதுக. தெருவில் பள்ளம் தோண்டுவோரைக் கண்டால், கீழே குழாய் உண்டா என்று வினவத் தயங்க வேண்டா. வாயு நாற்றம் வந்தால் விளக்கின் பொத்தானைத் தொடாமல், சன்னல்களைத் திறந்து வெளியேறி, உடனே அறிவிக்க. விபத்து நிகழ்ந்த ஊரில் உறவினர் இருப்பின், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, பொதுத்துறை நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்க: மண்ணில் கொட்டியது எவ்வளவு, காற்றில் கலந்தது எவ்வளவு?

மளிகைக் கடைக்காரர் நாலணா கூட்டி எழுதினாலும் திருப்பிக் கேட்கும் வழக்கமுடையவர்கள் நாம். நம் பிள்ளைகள் சுவாசிக்கப்போகும் காற்றின் பேரில் எழுதப்படாத பற்று ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. அதையும் ஏட்டில் எழுதும்படி கேட்போமாக.