வயிறு கல்லானால் மூச்சு முட்டும்!
அளந்து பார்க்க ஒரு குழாய் போதும்

அரூர்ப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிய மாடு, பயறுக் கொல்லையில் புகுந்து வயிறு முட்ட மேய்ந்து விடுகிறது. கொஞ்ச நேரத்தில் அதன் இடது பக்கம் மத்தளம்போல் உப்புகிறது. மாடு வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. மாட்டு டாக்டர் ஓடி வந்து, கூரான குழாயை விலாவுக்குப் பின்னால் குத்தி வாயுவை இறக்குகிறார். தாமதித்தால் மாடு செத்துப் போகும்.

வயிறு உப்பினால் மூச்சு ஏன் முட்ட வேண்டும்?

வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இருப்பது ஒரு சதைத் திரைதான். கீழே அழுத்தம் ஏறினால் அந்தத் திரை மேலே தள்ளப்படும். நுரையீரல் விரிய இடம் இருக்காது.

இதே கதி மனிதருக்கும் வருகிறது. ஆனால் காரணம் வேறு. பெரும்பாலும் வாயு அல்ல, நீர்தான்!

ஒருவருக்குப் பெரிய விபத்து. அல்லது கடுமையான தீக்காயம். அல்லது கணையம் வீங்கிவிட்டது. குழந்தையாக இருந்தால் கடுமையான டெங்கு. 108 வண்டி தருமபுரிக்கோ சேலத்துக்கோ விரைகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கிறார்கள். உயிரைக் காக்கப் பாட்டில் பாட்டிலாக நீர் ஏற்றுகிறார்கள். அது அவசியம்தான். ஆனால் நோயின் வேகத்தில் ரத்தக் குழாய்கள் கசிகின்றன. ஏற்றிய நீரில் ஒரு பகுதி குடலின் சுவரிலும் வயிற்றுக் குழியிலும் தங்கிவிடுகிறது. வயிறு ஓரளவுக்குத்தான் விரியும். அதற்கு மேல் உள்ளே அழுத்தம் ஏறுகிறது.

முதலில் திணறுவது பெரும்பாலும் சிறுநீரகம். அதன் ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. சிறுநீர் குறைகிறது. பிறகு மூச்சு. பிறகு இருதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தமும் குறைகிறது. வெளியே தாழ்வாரத்தில் காத்திருக்கும் வீட்டாருக்கு, "கிட்னி வேலை செய்யவில்லை" என்ற செய்திதான் வருகிறது. கிட்னியை நெருக்குவது வயிறாகவும் இருக்கலாம்!

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய எந்திரம் வேண்டுமா?

வேண்டாம். கையால் தொட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. கை பல நேரம் ஏமாற்றி விடும். ஆனால் இந்த நோயாளிக்கு எப்படியும் சிறுநீர்க் குழாய் போட்டிருப்பார்கள். அதன் வழியாக 25 மில்லிக்கு மிகாமல் உப்பு நீர் செலுத்தி, குழாயில் அழுத்தத்தை அளக்கலாம். இருமல் மருந்து மூடியில் இரண்டரை மூடி நீர், அவ்வளவுதான்! மூத்திரப்பை வயிற்றுக்குள் இருப்பதால் வயிற்றின் அழுத்தத்தை அது சொல்லிவிடும். அமெரிக்காவில் க்ரோன் என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும் 1984-லேயே இந்த முறையை எழுதி வெளியிட்டு விட்டார்கள்.

ரத்த அழுத்தம் 120 என்கிறோமே, அதே பாதரசக் கணக்குதான் இதற்கும். கடும் நோயில் படுத்திருக்கும் பெரியவர்களுக்கு 5 முதல் 7 வரை இருப்பது வழக்கம். 12-ஐத் தொட்டு அங்கேயே நின்றால் கவனிக்க வேண்டும். 20-ஐத் தாண்டி, புதிதாக ஓர் உறுப்பும் பழுதானால் ஆபத்து! குழந்தைகளுக்கு 10-ஐத் தாண்டினாலே அந்த ஆபத்து வரலாம்.

இந்த எண்கள் யாரோ ஒருவர் சொன்னவை அல்ல. இதற்கென்றே அமைந்த உலக டாக்டர்கள் சங்கம் ஒன்று 2006-ல் இலக்கணம் வகுத்து வெளியிட்டது. 2013-ல் அதைத் திருத்தி, வழிமுறைகளையும் தந்தது. ஆபத்துக் காரணம் இருக்கும் நோயாளிக்கு அளந்து பார்க்க வேண்டும் என்கிறது அது.

சரி, டாக்டர்களுக்கு இது தெரியுமா? கேட்டுப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான ஓர் உலகக் கணக்கெடுப்பில் 2,244 பேர் பதில் சொன்னார்கள். பெரும்பாலோர் டாக்டர்கள். நோயைப் பற்றித் தெரியும் என்றவர்கள் 100-க்கு 85 பேர். சங்கத்தின் இலக்கணம் தெரியும் என்றவர்களோ 28 பேர்தான்! நாலில் மூன்று பேர் 15 வரை போனால்தான் கவலை என்று நினைத்திருந்தார்கள். அளக்கும்போது அளவுக்கு மேல் நீர் விட்டவர்களும் நிறைய. அப்படி விட்டால் கணக்கே தப்பிவிடும்.

இதை நம் ஊர் டாக்டர்கள்மேல் சொல்லும் குறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதில் சொன்னவர்களில் பாதிக்கு மேல் வட அமெரிக்காக்காரர்கள். வசதிக்குக் குறைவில்லாத நாட்டிலேயே இப்படி! நோயின் பெயர் தெரிந்திருக்கிறது, எண் தெரியவில்லை. எண் தெரியாதவர் 13-ஐப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார் அல்லவா?

முன்கூட்டித் தெரிந்தால் செய்ய வேண்டியவை பல. மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்யலாம். தேங்கிய நீரை ஊசிக் குழாயால் இறக்கலாம். வலியைக் குறைத்து வயிற்றுச் சதையைத் தளர்த்தலாம். ஏற்றும் நீரை அளந்து ஏற்றலாம். எதற்கும் இறங்காவிட்டால்தான் வயிற்றைத் திறந்து, தையல் போடாமல் மூடாப்பு மட்டும் போட்டுச் சில நாள் விட்டு வைக்கிறார்கள். பார்க்கப் பயங்கரம். ஆனால் சிலருக்கு அதுதான் உயிர் தரும்.

உங்கள் வீட்டார் யாராவது இப்படிப் படுத்து, வயிறு இறுகி, சிறுநீரும் குறைந்தால், "வயிற்று அழுத்தம் அளந்தீர்களா? எவ்வளவு இருக்கிறது?" என்று பணிவாகக் கேட்கலாம். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்க யாரும் தயங்குவதில்லையே!

இன்னொன்று. விருந்து சாப்பிட்டு வயிறு ஊதுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.