பூட்ஸ் போன தூரம்

1986ஆம் ஆண்டின் தொடக்கம். பிலிப்பைன்ஸ் காட்டுக்குள் ஹாலிவுட் நடிகர்கள் சிலர் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழிக்குள்தான் இரவுத் தூக்கம்; அதுவும் முறைவைத்துக் காவல் காத்தது போக மிச்சமிருக்கும் நேரத்தில். சாப்பாடு ராணுவ டப்பாவில் அடைத்தது. முதுகில் முழு மூட்டையோடு மலையேற்றம். ஒருவரையொருவர் கதாபாத்திரத்தின் பெயரில்தான் கூப்பிட வேண்டும். அசந்து கண்ணை மூடினால் பக்கத்தில் வெடி வெடிக்கும். இரண்டு வாரம் இப்படி வாட்டி எடுத்தவர் டேல் டை, மரைன் படையில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்றவர். பயிற்சி முடிந்ததும் ஓய்வு கொடுக்காமல் கேமராவை ஓடவிட்டார் இயக்குநர் ஆலிவர் ஸ்டோன். களைப்பை நடித்துக் காட்ட முடியாது என்பது அவர் கணக்கு. ‘பிளட்டூன்’ படத்தில் சார்லி ஷீனின் முகத்தில் தெரியும் சோர்வில் பாதி மேக்கப் போட்டு வந்ததல்ல.

ஸ்டோனுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்ததற்குக் காரணம் உண்டு. நியூயார்க்கில் பங்குத் தரகரின் மகன், யேல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர். அன்றைய அமெரிக்காவில் கல்லூரியில் பெயர் இருந்தாலே ராணுவ அழைப்பைத் தள்ளிப்போடலாம். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் தப்பினார்கள். இவரோ படிப்பைப் பாதியில் விட்டார். சைகானின் சோலோன் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார், சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார், கடைசியில் 1967 ஏப்ரலில் தானாகவே ராணுவத்தில் சேர்ந்து, வியட்நாமில் சண்டைப் பிரிவுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். 1964 தேர்தலில் தீவிர வலதுசாரியான கோல்ட்வாட்டரை ஆதரித்த பையன் அவர். கம்யூனிஸ்டுகளை அடக்க வேண்டும் என்பதில் அப்போது அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

25ஆவது காலாட்படை டிவிஷன், பிறகு முதலாவது கேவல்ரி டிவிஷன். இரண்டு முறை காயம், வீரத்துக்கான வெண்கல நட்சத்திரம். 1968 புத்தாண்டு இரவில் கம்போடிய எல்லையருகே நடந்த கொடூரமான தாக்குதலில் அவரும் இருந்தார். ‘பிளட்டூன்’ படத்தின் உச்சக்கட்டம் அங்கிருந்து வந்ததுதான். 25ஆவது டிவிஷனிலேயே இருந்து அதே இரவைக் கடந்தவர் லாரி ஹெய்ன்மன். அவர் எழுதிய ‘பாக்கோஸ் ஸ்டோரி’ நாவலுக்கு 1987இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது. ஓர் இரவு, ஒரு நாவலும் ஒரு படமும்.

போரிலிருந்து திரும்பிய சில நாட்களிலேயே மெக்சிகோ எல்லையில் கஞ்சாவோடு பிடிபட்டு ஸ்டோன் சிறைக்குப் போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாலை மரியாதையோடு வீடு திரும்பிய வீரர் கதை அவருடையது அல்ல.

முன்னாள் படைவீரர் ஒருவர் ராணுவத்தைப் பற்றி, அரசியலைப் பற்றி, சினிமாவைப் பற்றிக் கருத்துச் சொன்னால் அதற்கு நாம் எவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டும்? பட்டவன் சொல்கிறான் என்று முழுதாகத் தலையாட்டுவதா, சீருடையைக் கழற்றியபின் அவரும் நம்மைப் போல ஒரு குடிமகன்தான் என்று விட்டுவிடுவதா? ஸ்டோனின் அரை நூற்றாண்டை வைத்துப் பார்த்தால் விடை ஓரளவு பிடிபடுகிறது. அவருடைய பூட்ஸ் நடந்த தூரம்வரை அவர் சொன்னது அசைக்க முடியாதது. அதைத் தாண்டியபோதெல்லாம் மற்றவர்களைப் போலவே தடுமாறினார்; சில இடங்களில் மற்றவர்களைவிட மோசமாக.

‘பிளட்டூன்’ திரைக்கதையை அவர் எழுதியது 1976இல். பத்தாண்டுகள் அதைத் தொட ஆளில்லை. ஒருவழியாகப் பிரிட்டிஷ் நிறுவனமான ஹெம்டேல் பணம் போட்டது. செலவு சுமார் 60 லட்சம் டாலர். பென்டகனிடம் உதவி கேட்டபோது கதை உண்மைக்குப் புறம்பானது, நியாயமற்றது என்று கைவிரித்தார்கள். போருக்குப் போய் இரண்டு தடவை காயம்பட்டவரிடம் சொன்ன பதில் இது! ஹெலிகாப்டர்களைப் பிலிப்பைன்ஸ் ராணுவத்திடம் வாடகைக்கு வாங்க வேண்டியிருந்தது. படப்பிடிப்புக்கு மூட்டை கட்டும் நேரத்தில் அங்கே மார்கோஸ் ஆட்சி கவிழ்ந்தது தனிக் கூத்து.

அதே 1986இல் வந்தது ‘டாப் கன்’. விமானந்தாங்கிக் கப்பல், எஃப்-14 போர் விமானங்கள், மிராமர் கடற்படைத் தளம் எல்லாம் திறந்துவிடப்பட்டன. தயாரிப்பு நிறுவனம் கட்டிய தொகை சுமார் 18 லட்சம் டாலர். கதையிலும் கடற்படை கைவைத்தது. நாயகனின் நண்பன் கூஸ் முதலில் இரண்டு விமானங்கள் மோதிச் சாவதாக இருந்தது. விமானங்கள் இப்படி விழுந்துகொண்டே இருந்தால் நன்றாக இருக்காது என்று சாவின் காரணத்தை மாற்றினார்கள். சில ஊர்களில் தியேட்டர் வாசலிலேயே ஆள்சேர்ப்பு மேசை போட்டார்கள். அந்த ஆண்டு அமெரிக்க வசூலில் முதலிடம் ‘டாப் கன்’னுக்கு, மூன்றாமிடம் ‘பிளட்டூன்’னுக்கு. சிறந்த படம், சிறந்த இயக்கம் உட்பட நான்கு ஆஸ்கர்கள் பின்னதற்கு.

ராணுவத்துக்குப் படைவீரனின் வாய் தேவைப்படுவது விளம்பரத்துக்கு, வாக்குமூலத்துக்கு அல்ல. சினிமா இதில் ராணுவத்தின் பழைய கூட்டாளி. ஜான் வெய்னை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்களின் மனதில் போர்வீரன் என்றால் அவர் முகம்தான். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது அவருக்கு வயது 34. குடும்பத்தைக் காட்டியும் பிறகு ஸ்டூடியோவின் தயவிலும் விலக்குப் பெற்றுக் கடைசிவரை சீருடை போடவில்லை. அவர் 1968இல் எடுத்த ‘தி கிரீன் பெரேஸ்’ படத்துக்கு ஜார்ஜியாவின் ராணுவ முகாமையே கொடுத்தார்கள். ராணுவம் வாங்கிக்கொண்ட கட்டணம் சுமார் 18 ஆயிரம் டாலர். வியட்நாம் காடு என்று அதில் தெரிவது ஜார்ஜியாவின் பைன் மரங்கள். கடைசிக் காட்சியில் வியட்நாம் கடற்கரையில் சூரியன் கடலுக்குள் மறைகிறது. வியட்நாமின் கடலோ பெரும்பாலும் கிழக்கே இருக்கிறது!

ரொனால்ட் ரீகனும் இதே ரகம். இரண்டாம் உலகப் போரை அவர் கலிபோர்னியாவில் ராணுவத்தின் திரைப்படப் பிரிவில் கழித்தார். 1985இல் பெய்ரூட் பிணைக்கைதிகள் விடுதலையானபோது, ராம்போ படம் பார்த்துவிட்டேன், அடுத்த முறை என்ன செய்வதென்று தெரியும் என்று வேடிக்கையாகச் சொன்னார். ராம்போவாக நடித்த ஸ்டாலோனும் வியட்நாம் போனவர் இல்லை.

இந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த பையன்கள் என்ன ஆனார்கள் என்பதற்குச் சாட்சி ரான் கோவிக். 1946 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தில் பிறந்தவர். ஜான் வெய்ன் நடித்த போர்ப் படத்தைச் சிறுவயதில் தியேட்டரில் பார்த்துச் சிலிர்த்ததைத் தன் நூலில் எழுதியிருக்கிறார். மரைன் படையில் சேர்ந்தார், வியட்நாமுக்கு இரண்டாவது முறையும் போனார், 1968 ஜனவரியில் குண்டு முதுகுத்தண்டைத் துளைத்தது. 21 வயதில் நெஞ்சுக்குக் கீழே உணர்வு கிடையாது. 1972இல் மயாமியில் நிக்சன் வேட்பாளராக ஏற்புரை நிகழ்த்திய மாநாட்டுக்குள் சக்கர நாற்காலியில் புகுந்து குரல் எழுப்பியவர்களில் அவர் ஒருவர்.

அவர் கதையை ஸ்டோன் 1989இல் ‘பார்ன் ஆன் தி ஃபோர்த் ஆஃப் ஜூலை’ என்று எடுத்தார். கோவிக்காக நடித்தது யார் தெரியுமா? டாம் குரூஸ். மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘டாப் கன்’னில் மோட்டார் சைக்கிளில் பறந்த அதே பையன். இதைவிடக் கூர்மையான திரை விமர்சனத்தை எழுத்தில் செய்திருக்க முடியாது. படம் முடிந்ததும் கோவிக் தன் வெண்கல நட்சத்திரப் பதக்கத்தைக் குரூஸிடம் கொடுத்துவிட்டார்.

இதுவரை ஸ்டோன் பேசியது தன் உடம்பும் தன்னைப் போன்றவர்களின் உடம்பும் அறிந்ததை. அரசியல் வேறு மாதிரி. அங்கே படைவீரனின் பதக்கத்துக்குச் சந்தை விலை உண்டு, அது ஏறும் இறங்கும். 2004 அதிபர் தேர்தலில் வியட்நாமில் படகில் சண்டையிட்டுக் காயம்பட்ட ஜான் கெர்ரி ஒருபக்கம், டெக்சாஸ் விமானக் காவல்படையில் உள்நாட்டிலேயே இருந்துகொண்ட ஜார்ஜ் புஷ் மறுபக்கம். கெர்ரியின் பதக்கங்களே சந்தேகத்துக்குரியவை என்று பிரசாரம் செய்ததும் முன்னாள் படைவீரர்கள் குழு ஒன்றுதான். வென்றது புஷ். வாக்காளர்களைத் திட்டிப் பயனில்லை; 1971இல் செனட் குழுவின் முன் அமர்ந்து இந்தப் போர் தவறு என்று கெர்ரி சொன்னதைப் பல முன்னாள் வீரர்கள் 33 ஆண்டுகளாக மன்னிக்கவில்லை. படைவீரர்களின் கருத்து என்று ஒரே ஒரு கருத்து எங்கும் கிடையாது.

ஸ்டோனின் ‘ஜேஎஃப்கே’ (1991) இந்தக் குழப்பத்தின் நடுவே நிற்கிறது. கென்னடி கொலையில் பெரிய சதி உண்டு என்பது படத்தின் வாதம். அதற்கு அவர் நாயகனாக்கிய நியூ ஆர்லியன்ஸ் அரசு வழக்கறிஞர் ஜிம் கேரிசனின் வழக்கை 1969இல் ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் நிராகரித்து, குற்றம் சாட்டப்பட்ட கிளே ஷாவை விடுவித்தது. அவ்வளவு பலவீனமான வழக்கு. ஆனால் படத்தை ஊன்றிப் பார்த்தால் அதுவும் வியட்நாம் படம்தான் என்று புரியும். 1963 அக்டோபரில் கென்னடி ஒப்புக்கொண்ட ஓர் ஆணையில், ஆண்டு முடிவதற்குள் ஆயிரம் ராணுவத்தினரைத் திரும்ப அழைக்கும் திட்டம் இருந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் நான் அந்தக் காட்டுக்குப் போயிருக்க வேண்டியதில்லை அல்லவா என்பதுதான் ஸ்டோனின் உள்ளே அரித்த கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. பதில் தெரிந்ததுபோல நடந்துகொண்டதுதான் பிழை. ஆனாலும் படம் கிளப்பிய கூச்சலில் 1992இல் கென்னடி கொலை ஆவணச் சட்டம் வந்து லட்சக்கணக்கான பக்கங்கள் வெளிவந்தன. தப்பான பதிலாலும் பூட்டிய அலமாரி திறக்கும் போலிருக்கிறது.

2017இல் வந்த ‘தி புடின் இன்டர்வியூஸ்’ தொடருக்கு இந்தச் சலுகையைக்கூட என்னால் கொடுக்க முடியவில்லை. அதில் ஒரு காட்சி. சிரியாவில் ரஷ்ய விமானிகள் பயங்கரவாதிகளைத் தாக்குவதாகச் சொல்லி, கைப்பேசியில் ஒரு வீடியோவைப் புடின் காட்டுகிறார். ஸ்டோன் குனிந்து பார்க்கிறார், கேள்வி கேட்கவில்லை. அது ஆப்கானிஸ்தானில் அமெரிக்க அப்பாச்சி ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த பழைய காட்சி என்று தொடர் ஒளிபரப்பானதும் இணையத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஹெலிகாப்டரில் ஏறி இறங்கியே சண்டையிட்ட காலாட்படைக்காரர், தன் சொந்த நாட்டு ஹெலிகாப்டர் காட்சியை இன்னொரு நாட்டின் வீரமாக வாங்கிக்கொண்டார். சைகானில் மாலைதோறும் அமெரிக்க அதிகாரிகள் வாசித்த வெற்றிக் கணக்குகளை நம்ப மறுத்த தலைமுறையின் ஆள் அவர். அதிகாரத்தில் இருப்பவரின் அறைக்குள் உட்கார்ந்ததும் அந்தச் சந்தேகக் குணம் வாசலில் கழன்றுவிட்டது. 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது தவறு என்று அவரே பிறகு எழுத நேர்ந்தது.

‘பிளட்டூன்’ படத்துக்கும் ஒரு குறை உண்டு. வியட்நாம்காரர்கள் அதில் ஓடுகிறார்கள், அழுகிறார்கள், சாகிறார்கள், தங்கள் கதையைப் பேசுவதில்லை. கிராமத்துக் காட்சி அமெரிக்க சிப்பாயின் மனசாட்சியைச் சோதிக்கும் களமாக மட்டுமே நிற்கிறது. தானும் ஒருமுறை ஆத்திரத்தில் கிராமவாசி ஒருவரின் காலடியில் சுட்டதை ஸ்டோன் பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அகதியாக அமெரிக்கா வந்து வளர்ந்த வியட் தான் நுயென் ‘தி சிம்பதைசர்’ நாவலில், பிலிப்பைன்ஸில் வியட்நாம் படம் எடுக்கும் ஹாலிவுட் இயக்குநரைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பது சும்மா இல்லை.

ஆனால் அந்த நாவல் வருவதற்கு 22 ஆண்டுகள் முன்பே ஸ்டோன் ஒரு முயற்சி செய்தார். 1993இல் வந்த ‘ஹெவன் அண்ட் எர்த்’. டா நாங் அருகே நெல்வயல் கிராமத்தில் பிறந்த லே லி ஹேஸ்லிப்பின் வாழ்க்கை அது. சைகான் அரசுப் படைகளும் வியட்காங்கும் மாறி மாறி வதைத்த பெண். ஓர் அமெரிக்கரை மணந்து கலிபோர்னியா போனவர். வெளிநாட்டுச் சிப்பாய்கள் கிராமத்துக்குள் நுழைவதை, ‘பிளட்டூன்’ காட்டாத அந்த எதிர்ப்பக்கத்திலிருந்து இந்தப் படம் பார்க்கிறது. துப்பாக்கி பிடித்த கை இந்த முறை கேமராவை வயலில் நிற்கும் பெண்ணின் பக்கமாகத் திருப்பியது. நீளமும் மிகை உணர்ச்சியும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஸ்டோனின் கருத்து என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் புடின் பேட்டியின் நான்கு பாகங்களை விட்டுவிட்டு இதைத் தேடிப் பிடித்துப் பார்க்கலாம். மூன்று வியட்நாம் படங்களில் அமெரிக்கர்கள் காசு கொடுத்துப் பார்க்காமல் விட்டது இதை மட்டும்தான்.